பத்துப் பேர் இருந்தால்தான் படம்

எனக்கு அப்போது முப்பத்துநான்கு வயது. சென்னையில் ஒற்றை அறை வீட்டில் தனியாக இருந்தேன். அது எனக்குப் பிடித்திருந்தது. இதைச் சொன்னால் எங்கள் வீட்டில் அழுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு, தலைகூட வாராமல், குக்கரிலிருந்தே தயிர்சாதத்தைத் தின்றுகொண்டு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் கிடப்பேன். கல்யாணம் ஆனாலும் அந்த ஒரு நாள் எனக்கு வேண்டும். அதற்குச் சம்மதிக்கிற ஆள் என்றால் சரி, இல்லையென்றால் ஆளை விடுங்கள் என்று இருந்தேன்.

ஆயக்குடிப் பக்கம் கொய்யாத் தோப்பு வைத்திருக்கிற வீட்டிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை பெங்களூரில் தனியாக இருந்தார். பெண் பார்க்க வந்த அன்று, சுற்றிலும் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்க, அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "ஃபேன் போடட்டுங்களா?" அதற்கும் என் பெரியப்பாதான் பதில் சொன்னார். இந்தக் கூட்டத்தில் என் ஞாயிற்றுக்கிழமையை எங்கே பேசுவது? ஆகவே யாருக்கும் தெரியாமல் திண்டுக்கல்லில் ஒரு தியேட்டரில் காலைக்காட்சிக்குச் சந்திப்பது என்று போனில் முடிவு செய்தோம். பெருநகரத்தில் தனித்தனியாக வாழ்கிறவர்களைப் பற்றிய, கொஞ்சம் கிறுக்குத்தனமான காதல் படம். கூட்டமே வராது என்று நம்பினோம்.

நம்பிக்கை பலித்துவிட்டது. டிக்கெட் கவுண்டரில் நாங்கள் இருவர் மட்டும்தான்.

"பத்துப் பேரு இல்லாம படம் போட மாட்டோம்மா" என்றார் கவுண்டர்காரர்.

பத்து டிக்கெட்டையும் நாங்களே எடுத்துக்கொள்வதாக மாப்பிள்ளை சொன்னார்.

"டிக்கெட்டு படம் பாக்காது சார். உங்க ரெண்டு பேர மட்டும் இருட்டுல உக்கார வச்சேன்னு வைங்க, ஓனரு என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவாரு. ஆளக் கூட்டிட்டு வாங்க. செத்த நேரம் பொறுத்தே போடுறேன்."

புத்தியுள்ளவர்கள் அப்போதே எதிரிலிருந்த டீக்கடைக்குப் போயிருப்பார்கள். எங்களுக்கோ ரோஷம் வந்துவிட்டது. பக்கத்துக்கு நாலு பேர் என்று பிரித்துக்கொண்டோம். நான் ஊருக்குள்ளேயே இருந்த சித்திக்குப் போன் போட்டேன்.

"சித்தி, நாலு பேரக் கூட்டிக்கிட்டு தியேட்டருக்கு வா. ஆனா யாருகிட்டயும் சொல்லாத."

"எதுக்குடி?"

"மாப்பிள்ளையும் நானும் படம் பாக்க வந்திருக்கோம்."

 "இந்தா வாரேன்" என்று போனை வைத்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் அன்று அதே ஊரில் ஒரு காதுகுத்துக்கு வந்திருந்தார்கள். மண்டபமே கிளம்பி வந்தது, பட்டுச்சேலைகளும் மிச்சமிருந்த கேசரி வாளியுமாக. எங்கள் பக்கம், சித்தி சொல்லிவிட்டதால், எங்கள் ஊரான வடமதுரையிலிருந்து வேனில் வந்து இறங்கினார்கள். அம்மா கையில் தாம்பாளம், அதில் வெற்றிலை பாக்கு, பூ, பழம். கவுண்டர்காரர் டார்ச் அடித்து மாப்பிள்ளை வீட்டை இடதுபக்கமும் பெண் வீட்டை வலதுபக்கமும் உட்கார வைத்தார். என்னை அம்மாவுக்கும் சித்திக்கும் நடுவில் செருகினார்கள். மாப்பிள்ளை எங்கோ தன் மாமாக்களுக்கு இடையில் காணாமல் போனார்.

படத்தில் கதாநாயகன் ஃபிரிட்ஜோடு பேசிக்கொண்டே நூடுல்ஸ் தின்றான். அது சிரிப்புக் காட்சி. மாப்பிள்ளையின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஏனுங்க, அந்தப் பையனுக்கு ஒரு வாய் சோறு போட ஆளில்லீங்களா?"

கதாநாயகி கதவைப் பூட்டிவிட்டுத் தரையில் கையைக் காலை விரித்துப் படுத்தாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. "வெஞ்சனங்கூட இல்லாம வெறும் ரொட்டியத் தின்னுட்டுப் படுத்துட்டாளே" என்றாள் சித்தி.

இடைவேளையில் கேசரி விநியோகம் நடந்தது. பெரியப்பா எழுந்து அறிவித்தார்: "எல்லாரும்தான் வந்துட்டோமே. படம் முடிஞ்சதும் இங்கயே தட்ட மாத்திக்கிருவோம்." இரண்டு பக்கமும் தலையாட்டினார்கள்.  தட்டை மாற்றிவிட்டால் அதற்கப்புறம் நான் பேசுவது பேச்சில்லை, திமிர்.

இரண்டாம் பாதியில் நல்லவேளையாகக் கரண்ட் போனது. கவுண்டர்காரர் பின்னாலிருந்து, "ஜெனரேட்டர் போட ஆள் போயிருக்கு, அப்படியே உக்காருங்க" என்றார். நான் எழுந்து, கால்களை மிதித்துக்கொண்டு இடதுபக்கம் போனேன். மெதுவாக மாப்பிள்ளையின் பெயரைச் சொன்னேன். பக்கத்தில் ஒரு நாற்காலி காலியானது.

"கல்யாணத்துக்கப்புறமும் ஞாயித்துக்கெழம நான் தனியா இருக்கணும். பேச மாட்டேன், சமைக்க மாட்டேன். முடியுமா?" என்று கிசுகிசுத்தேன்.

மின்விசிறிகள் நின்றுபோயிருந்ததை நான் யோசிக்கவில்லை. அரங்கம் முழுக்க ஒரு இருமல்கூட இல்லை.

"சத்தமாச் சொல்லும்மா, பின்னாடி கேக்கல" என்றார் கவுண்டர்காரர்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்து நின்று அதையே உரக்கச் சொன்னேன்.

 மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "எனக்கு சனிக்கிழமை வேணுங்க."

எனக்கு அப்படியே அழுகை வந்தது. இவர்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

அப்போது வலதுபக்க இருட்டிலிருந்து இன்னொரு குரல் கேட்டது. அம்மாவின் குரல். தோட்டத்துப் பூப்பறிப்பும் பூ மார்க்கெட்டும் அடுப்புமாக இருந்தவள், தனக்கென்று எதையும் கேட்டு நான் அறியாதவள்.

"எனக்கு செவ்வாக்கெழம கெடச்சாப் போதும்" என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

ஜெனரேட்டர் உறுமியது, விளக்குகள் வந்தன. படம் இன்னும் மறுபடி ஓடத் தொடங்கவில்லை. ஆனாலும் இரண்டு வீட்டாரும் வெறும் வெள்ளைத் திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா மட்டும் திரும்பி, மடியில் தாம்பாளத்தோடு உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.