மேவிஸ் வீட்டு முன்னறை

நகராட்சியிலிருந்து பழுப்பு உறை வந்தால் மேவிஸ் என்ட்விசில் அதை உடனே பிரிக்க மாட்டாள். ரொட்டி டப்பாவின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, அந்தப் பக்கம் பார்க்காமலே வேலை செய்வாள். அந்த முறை வந்த உறை இரண்டு நாள் அப்படியே நின்றது. மூன்றாம் நாள் அவள் கணவன் டெரிக் பொறுமை இழந்தான்.

"ஏ புள்ள, அந்த லெட்டரை என்ன ஊறப் போட்டிருக்கியா?"

"நீயே படியேன்."

"கண்ணாடி உங்கிட்ட இருக்கு. தைரியமும் உங்கிட்டதான் இருக்குன்னு நெனச்சிட்டிருந்தேன்."

டெரிக் முப்பது வருடம் வட இங்கிலாந்தில் லங்காஷயரின் மலைச் சாலைகளில் பேருந்து ஓட்டியவன். ஆறு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் போய்விட்டன. வாய் மட்டும் பழைய வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

மேவிஸ் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பிரித்தாள். வீட்டு வரிச் சலுகை பற்றிய கடிதம். உடம்புக்கு முடியாத ஒருவருக்கென்றே வீட்டில் ஓர் அறையை ஒதுக்கியிருந்தால் வரி ஒரு படி குறையும். அவர்களுடையது ஆகக் கீழ்ப் படியில் இருந்த வீடு. அதற்கும் கீழே படி இல்லாததால் ஒன்பதில் ஒரு பங்கு தள்ளுபடி. வருடத்துக்கு நூற்று முப்பது பவுண்டுக்குப் பக்கம். தெருவைப் பார்த்த முன்னறை ஆறு வருடமாக டெரிக்கின் அறையாக இருந்ததால் கிடைத்த சலுகை அது. இப்போது எல்லாச் சலுகைகளையும் மறுபடி சரிபார்க்கிறார்களாம். வியாழக்கிழமை காலை பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் ஓர் அலுவலர் நேரில் வந்து, அந்த அறை முக்கியமாக அவருடைய தேவைக்குத்தான் பயன்படுகிறதா என்று பார்ப்பார். இல்லையென்றால் கொடுத்ததெல்லாம் திரும்ப வாங்கப்படும். கடைசியில் தடித்த எழுத்தில் ஒரு வரி இருந்தது: பொய்யான தகவல் தருவது குற்றம்.

மேவிஸ் அந்த வரியை மூன்று முறை படித்தாள். நாம் என்ன பொய் சொன்னோம்? ஒன்றுமில்லை என்று தெரியும். தெரிந்தும் கடிதத்தை மடித்து ரொட்டி டப்பாவுக்குப் பின்னால் செருகினாள்.

கால்வாய்த் தெருவில் ஒருவர் முதுகு வலி என்று சொல்லி உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்தார். ஏணியில் ஏறிக் கூரையைச் சுத்தம் செய்த அவர் படம் ஊர்ப் பத்திரிகையில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் மனைவி ரொட்டி வாங்கக்கூட அடுத்த ஊருக்குப் போனாள். ஒரு நாள் இறைச்சிக் கடை வரிசையில் அவள் எதிரே நின்றபோது மேவிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று அவளைப் பார்த்துத் திருப்பிய அதே முகம் இப்போது சுவர்க் கண்ணாடியில் தெரிந்தது. நாளை தன்னைப் பார்த்தும் யாராவது இப்படித் திரும்பிக்கொண்டால்?

இந்தப் பயம் அவளுக்குப் புதிதல்ல. அவள் அம்மா முப்பதுகளில் ஆலைகள் மூடியபோது உதவிப் பணத்துக்காகக் காத்திருந்தவள். குறிப்புப் புத்தகத்தோடு ஓர் ஆள் வீட்டுக்குள் வந்து நாற்காலிகளை எண்ணுவான். இரண்டு பேருக்கு நாலு நாற்காலி எதற்கு, விற்றுத் தின்னுங்கள் என்பான். அம்மா நல்ல சாமான்களைப் பக்கத்து வீட்டில் ஒளித்து வைத்துவிட்டு, வெறும் தரையில் அவன் முன்னால் நின்றாளாம். அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அம்மாவின் கழுத்து சிவந்துவிடும். தன் வீட்டை எந்த அதிகாரியும் இளக்காரமாகப் பார்க்கக் கூடாது என்று மேவிஸ் சின்ன வயதிலேயே முடிவு செய்துகொண்டாள். பள்ளிச் சமையலறையில் இருபத்திரண்டு வருடம் உழைத்தாள். வெள்ளிக்கிழமை தோறும் வாசற்படியைத் தேய்த்துக் கழுவினாள். மருத்துவர் வருவதென்றால்கூட முதல் நாளே ஜன்னலின் வலைத் திரைகளைத் துவைத்துப் போடுவாள்.

ஆகவே புதன்கிழமை அவள் செய்தது அவளுக்குக் கொஞ்சமும் விபரீதமாகத் தெரியவில்லை.

சக்கரத் தடம் பதிந்திருந்த தரையை மண்டியிட்டுத் தேய்த்தாள். நாற்காலி இடித்து இடித்து உரிந்துபோன கதவுச் சட்டத்துக்கு வெள்ளை பூசினாள். டெரிக்கின் சிறுநீர் பேடுகள் இருந்த அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாக மாடிக்குத் தூக்கினாள். மறுநாள் விடிந்ததும், ஆளைப் பட்டையில் தூக்கி மாற்றும் கருவியான தூக்கியை வைத்து டெரிக்கை எழுப்பி, பின்பக்கச் சமையலறையில் கணப்புக்கு அருகே இருந்த கை வைத்த நாற்காலியில் உட்காரவைத்தாள். கல்யாணங்களுக்குக் கட்டும் கழுத்துப்பட்டையைச் சட்டைக்குக் கட்டிவிட்டாள்.

"என்ன இது, என்னை அடக்கம் பண்ணப் போறியா?"

"வர்றவங்க முன்னால கொஞ்சம் மனுசன் மாதிரி இரு."

"நேத்து வரைக்கும் என்ன மாதிரி இருந்தேன்?"

பிறகு தூக்கியையும் சக்கர நாற்காலியையும் பின்முற்றத்துக் கரிக் கொட்டகைக்குள் தள்ளி, மேலே தார்ப்பாயைப் போட்டாள். சக்கரம் வைத்த கமோடு நாற்காலி மட்டும் அதில் அடங்கவில்லை. பக்கத்து வீட்டு லில்லியன் அதைத் தன் வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போனாள்.

"யாராச்சும் கேட்டா புது சோபான்னு சொல்லிக்கிறேன், மேவிஸ்."

"வாயை மூடு, தெருவே கேக்கும்."

கட்டிலின் பக்கக் கம்பிகளைக் கழற்றிவிட்டு, பூவேலை விரிப்பைப் போட்டு, சுவரோரம் நாலு மெத்தைத் திண்டுகளை நிறுத்தி, விருந்தாளி உட்காரும் இருக்கை போலாக்கினாள். அம்மாவின் பீங்கான் கோப்பைகளை எடுத்து ஜன்னலோரம் அடுக்கினாள். இரண்டடி தள்ளி நின்று பார்த்தபோது நெஞ்சு நிறைந்தது. ஆறு வருடமாக மூத்திர வாடையும் மருந்து வாடையும் இருந்த இடம் இப்போது மெழுகு மணத்தது.

பதினொன்றேகாலுக்குக் கதவு தட்டப்பட்டது. மழையில் நனைந்த கோட்டோடு ஒரு பெண் நின்றாள். கழுத்தில் தொங்கிய அட்டையில் ரஸியா மஹ்மூத் என்று இருந்தது. முப்பது வயதுக்கு மேல் இருக்காது.

"உள்ள வா கண்ணு. காலைத் தொடைக்க வேண்டாம், பரவால்ல."

"நல்லாத் தொடைச்சிக்கிறேன், மிஸஸ் என்ட்விசில். எங்கம்மாகிட்ட வளந்தவ நானு." காலைத் தேய்த்துக்கொண்டே அந்தப் பெண் சுற்றிப் பார்த்தாள். "அடேயப்பா, எவ்வளவு அழகா வச்சிருக்கீங்க! இது உக்காந்து பேசற ரூமா?"

"ஆமா கண்ணு. நல்ல நாளைக்குன்னு வச்சிருக்கேன்."

அந்தத் தெருவில் எந்தப் பெண்ணும் தன் முன்னறையைப் பற்றிச் சொல்கிற வார்த்தை அது. யோசித்துச் சொன்னதல்ல. பேனா காகிதத்தில் நகர்ந்தது. அது நகர்ந்து முடிந்தபோதுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று மேவிஸுக்கு உறைத்தது.

"மிஸ்டர் என்ட்விசில் எங்க படுக்கறார்?"

"இங்கதான்."

ரஸியா திண்டுகளைப் பார்த்தாள். பீங்கான் கோப்பைகளைப் பார்த்தாள். சமையலறைக் கதவு வழியே, கழுத்துப்பட்டையோடு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த டெரிக்கைப் பார்த்தாள். டெரிக் நல்ல கையைத் தூக்கிக் காட்டினான்.

"சக்கர நாற்காலி எங்க இருக்கு?"

"கொட்டகைல."

"அப்போ வீட்டுக்குள்ள உபயோகிக்கறதில்ல?"

மேவிஸ் வாயைத் திறந்தாள். ஒளித்து வைத்தேன் என்று சொன்னால், அதிகாரியிடமிருந்து ஒளித்தவள் ஆகிவிடுவாள். தடித்த எழுத்து வரி கண் முன்னால் வந்து நின்றது. இன்று ஒளித்தவள் நேற்று எதை ஒளித்தாளோ என்று தோண்டுவார்கள். சொல்லாவிட்டாலோ, இங்கே கண்ணுக்குத் தெரிவதுதான் உண்மையாகிவிடும். எந்தப் பக்கம் கால் வைத்தாலும் பள்ளம்.

"டீ போடட்டுமா கண்ணு?" என்றுதான் கேட்க முடிந்தது.

"இல்லைங்க, இன்னும் நாலு வீடு இருக்கு." ரஸியாவின் குரலில் முன்பிருந்த சிரிப்பு இல்லை. "பாத்ததை எழுதிக் கொடுக்கறதுதான் என் வேலை. முடிவை மேல இருக்கவங்க எடுப்பாங்க. ஆனா இப்போ இருக்கிற நிலைமையில, இந்த ரூம் அவருக்காகத்தான்னு என்னால எழுத முடியாது, மிஸஸ் என்ட்விசில். மூணு வாரத்துல லெட்டர் வரும்."

கதவு சாத்தப்பட்டது. மேவிஸ் அதன் மேல் சாய்ந்து நின்றாள். கணக்கு தானாக ஓடியது: ஆறு வருடம், எண்ணூறு பவுண்டு. எண்ணூறைக்கூடப் பல்லைக் கடித்துக் கட்டிவிடலாம். பத்திரிகையில் படம் வந்தால்? படத்தில் அந்தக் கோப்பைகளும் வருமா?

"புள்ள," என்றான் டெரிக் உள்ளிருந்து. "போயிட்டாளா?"

"போயிட்டா."

"ஆறு வருஷமா செத்துக் கெடக்கிற காலு. டாக்டருங்க எத்தனை பேர் பாத்தாங்க, ஒருத்தனாலயும் முடியல. நீ ஒரே காலைல சரி பண்ணிட்ட."

"கிண்டல் பண்ணாத டெரிக். எனக்குக் கை கால் ஓடல."

"எனக்கும்தான் ஓடல. அதைத்தானே அவ பாக்க வந்தா?"

மேவிஸ் அவனைப் பார்த்தாள். இடது பக்கம் சரியாமலிருக்க அவள் செருகிய தலையணை நழுவி, அவன் மெல்லச் சாய்ந்துகொண்டிருந்தான். தானாக நிமிர முடியாது. அவளைக் கூப்பிடவும் இல்லை. கழுத்துப்பட்டை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. கௌரவமாக இருக்கட்டும் என்று இவனுக்கு என்ன செய்து வைத்திருக்கிறேன்?

தலையணையைச் சரியாகச் செருகிவிட்டு, வீட்டுச் செருப்போடு தெருவில் இறங்கினாள். வலப்பக்கம் மூன்று வீடு தள்ளி ஒரு சிவப்புக் கார் நின்றது. உள்ளே ரஸியா குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். அவளிடம் வாயால் சொல்லிப் பயனில்லை என்று மேவிஸுக்குத் தோன்றியது. வாய்தான் சற்று முன் காலை வாரியது. லில்லியன் வீட்டுக் கதவைப் படபடவென்று தட்டினாள்.

"அதைக் கொடு."

"எதை?"

"உன் புது சோபாவை!"

லில்லியன் கமோடு நாற்காலியை வாசலுக்கு உருட்டினாள். மேவிஸ் அதை நடைபாதையில் தள்ளிக்கொண்டு நடந்தாள். சின்னச் சக்கரங்கள் கற்களில் கிறீச்சிட்டன. எதிர் வரிசையில் ஒரு வலைத் திரை விலகியது, பிறகு இன்னொன்று. அந்தத் தெருவில் நாற்பத்தாறு வருடமாக இருக்கிறாள். தன் வீட்டு விவகாரம் எதையும் வாசலுக்கு வெளியே கொண்டுவந்ததில்லை. திரும்பிவிடலாம் என்று இரண்டு முறை நினைத்தாள். கார் ஜன்னல் அருகே போய் நின்றபோது மழை முடியிலிருந்து கண்ணில் வடிந்தது.

ரஸியா கண்ணாடியை இறக்கினாள்.

"இதுலதான் அவர் போறார்," என்றாள் மேவிஸ். "மாடியிலதான் பாத்ரூம். அவரால ஏற முடியாது. இது அந்த ரூம்லதான் இருக்கும், கட்டிலுக்குப் பக்கத்துல. ஆளைத் தூக்கற மிஷினு கொட்டகைல இருக்கு. நான்தான் ஒளிச்சு வச்சேன். எல்லாத்தையும் நான்தான் ஒளிச்சேன், கண்ணு. அவர் ஒண்ணும் பண்ணல."

"எதுக்கு ஒளிச்சீங்க?"

"நீ வர்றேன்னு."

ரஸியா அவளையும் கமோடையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு காரை விட்டு இறங்கி, கமோடின் மறு பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த அரை மணி நேரம் மேவிஸ் காட்ட வேண்டியதையெல்லாம் காட்டினாள். கொட்டகையைத் திறந்தாள். பேடு பெட்டிகளைக் காட்டினாள். திண்டுகளைக் கீழே தள்ளிவிட்டுக் கட்டில் கம்பிகளை மாட்டினாள். எப்படி எடுத்து மாற்றுவீர்கள் என்று ரஸியா கேட்டதும், தூக்கியின் பட்டையை டெரிக்கின் இடுப்புக்கடியில் கொடுத்து உயர்த்தி, முன்னறைக் கட்டிலுக்கு மேல் உருட்டிக்கொண்டு வந்தாள். அவன் கழுத்துப்பட்டையோடு அந்தரத்தில் தொங்கினான். அவனை அந்த நிலையில் மேவிஸ் தவிர வேறு யாரும் பார்த்ததில்லை. அவளுக்கு அழுகை வந்தது.

"மன்னிச்சுக்கம்மா," என்றான் டெரிக் மேலிருந்து. "எந்திரிச்சு நின்னு வரவேற்கணும்னுதான் ஆசை."

ரஸியா சிரிக்காமலிருக்கப் பார்த்தாள், முடியவில்லை. தாளைத் திருப்பி எழுதத் தொடங்கினாள்.

மேவிஸ் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முதல்ல எழுதினியே, நல்ல நாளைக்கு வச்சிருக்கிற ரூம்னு. அது?"

"அது அங்கயேதான் இருக்கும். எழுதினதை நான் அடிக்கக் கூடாது. ஆனா கீழ இதை எழுதறேன்: மறுபடி போய்ப் பார்த்தேன், அறை முழுக்க அவருக்குத்தான். கையெழுத்தும் போட்டுட்டேன்."

"ரெண்டுல எதை நம்புவாங்க?"

"இதைத்தான் நம்பணும். சலுகை தொடரும்னு நெனைக்கிறேன், மிஸஸ் என்ட்விசில்."

நெனைக்கிறேன் என்ற சொல் மேவிஸுக்குள் போய் உட்கார்ந்தது. இன்னும் மூன்று வாரம் அது அங்கேதான் இருக்கும். ரஸியா கைகுலுக்கிவிட்டுப் போனாள். தெருக்கதவு திறந்தே கிடந்தது. நடைபாதையில் நின்ற லில்லியன் உட்பட யார் வேண்டுமானாலும் உள்ளே பார்க்கலாம். மேவிஸ் போய்ச் சாத்தவில்லை. தூக்கியின் பிடியைத் திருகி, டெரிக்கை அங்குலம் அங்குலமாகக் கட்டிலில் இறக்கினாள்.