எதிர்க்கடைக்காரர் எழுதிய சரித்திரம்

நாங்கள் ஊரைவிட்டு வந்து குடியேறிய வெக்ஸ்போர்டில் எங்கள் பலசரக்குக் கடைக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு ஸ்கொட்லாந்துக்காரர் கம்பளித் துணிக்கடை வைத்திருந்தார். இளவயதில் கப்பலேறி வந்து, அந்த ஒரே கடையில் தலை நரைத்தவர். ஒருநாளாவது ரோட்டைக் கடந்து எங்கள் பக்கம் வந்தாரா என்றால், இல்லை. நானும் போகவில்லைதான். எனக்குக் கம்பளித் துணி எதற்கு?

வயது போய்க் கடையைக் கொடுத்த பிறகு மனிதர் சரித்திரகாரராகிவிட்டார். வியாபாரிப் புத்தி விடுமா? எந்தக் கட்டிடம் யார் கைக்குப் போனது, எந்தக் கடையில் என்ன விற்றார்கள் என்று ரோட்டின் தன் பக்கத்தில் வீடு வீடாக விசாரித்தார். தன் கடைவாசலில் நின்று எடுத்த பழைய படங்களையும் சேர்த்துப் புத்தகமாக்கினார். போன விண்டரில் லைப்ரரியில் வெளியீடு. எங்கள் தெருவின் கதையல்லவா என்று மகளையும் கூட்டிக்கொண்டு சந்தோஷமாகத்தான் போனேன்.

திரையில் ஒவ்வொரு படமாகக் காட்டிக்கொண்டு வந்தவர், எங்கள் கடையைக் காட்டினார். இந்தப் படம் எடுத்த காலத்தில் தெருவில் வியாபாரம் சரிந்துபோனது, கடைகள் பூட்டிக் கிடந்தன, கண்ணாடியெல்லாம் காகிதம் ஒட்டி மூடியிருப்பதைப் பாருங்கள் என்றார். புத்தகத்திலும் படத்துக்குக் கீழே ‘பூட்டிய கடை’ என்றே போட்டிருந்தார்.

அந்தக் காகிதங்கள் மரண அறிவித்தல்கள். எங்கள் ஆட்களில் ஒருவர் செத்தால், படம், பிறந்த ஊர், கிரியை நடக்கும் இடம் எல்லாம் போட்டுத் தமிழ்க் கடைக் கண்ணாடிகளில் ஒட்டிவிட்டுப் போவார்கள். எந்தக் கடைக்காரரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. வெளிச்சம் வராது, வராவிட்டால் போகட்டும். சனம் காரைப் பின்பக்கம் விட்டுப் பின்கதவால் வந்து சாமான் வாங்கும்.

ஏதோ தெரியாமல் சொல்கிறார் என்று அதையும் விட்டிருப்பேன். ஆனால் அந்தப் படத்தில் கதவின் நடுவே ஒட்டியிருந்தது என் மனிசனின் அறிவித்தல். கலியாணப் படத்திலிருந்து வெட்டியெடுத்த முகம். அவருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு கடையைத் திறந்து, அந்தக் காகிதத்துக்குப் பின்னால் தனியாக நின்று அரிசி நிறுத்தவள் நான். அதைத்தான் பூட்டிய கடை என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மகள் கையைப் பிடித்தாள். “அம்மா, ப்ளீஸ். பிறகு கதைப்பம்.”

“பிறகு எண்டா எப்ப? புத்தகம் அடிச்சு முடிஞ்சுது.”

எழும்பினேன். என் இங்கிலிஷ் கோபம் வந்தால்தான் ஒழுங்காக ஓடும். அது என் கடை, அந்த முகம் என் புருஷன், அந்தக் கதவுக்குப் பின்னால் நான் நிற்கிறேன் என்றேன். கிழவரின் முகம் சிவந்துபோனது. மன்னிப்புக் கேட்டார். அடுத்த பதிப்பில் திருத்திவிடுவதாகச் சொன்னார்.

அடுத்த பதிப்பாம்! அவர் எண்பதைத் தாண்டியவர், நான் அறுபதைத் தாண்டியவள். யார் காத்திருப்பது? மேசையில் அடுக்கியிருந்த புத்தகங்களையும் பேனையையும் இழுத்து அவர் முன்னால் வைத்தேன்.

“இப்பவே எழுதுங்கோ.”

தமிழில்தான் சொன்னேன். அவருக்கு விளங்கியது. உட்கார்ந்து முதல் புத்தகத்தைத் திறந்தார். பூட்டும் நேரமாகிவிட்டது என்று சொல்லவந்த லைப்ரரிப் பிள்ளையிடம், நான் அசையமாட்டேன் என்றேன். கிழவர் ‘பூட்டிய கடை’யைப் பேனையால் வெட்டினார். பிறகு என்ன எழுதுவது என்று கேட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

கடை திறந்திருந்தது என்று எழுதச் சொன்னேன். கடைசிப் புத்தகம் முடியும்வரை பக்கத்திலேயே நின்றேன்.