பண்ணாடிக்குப் போகாத புண்ணியம்

பஸ் ஸ்டாண்டுச் செருப்புக் கடையில் ஊறும் தோலின் வாடைக்கு எல்லோரும் மூக்கைப் பொத்துகிறார்கள். எனக்கோ புதுச்சத்திரத்தில் மாடு கட்டி நீர் இறைத்த கவலைக் கிணறு கண்முன் வந்துவிடும். காளைகள் சரிவில் இறங்க, தோல் சால் ததும்பி மேலேற, உருளை கிறீச்சிட, வடத்தில் உட்கார்ந்து அப்பா பாடிக்கொண்டே ஓட்ட, அம்மா சேற்றில் நின்று பாத்தி பாத்தியாகத் தண்ணீர் கட்டிய காலைகள்.

நிலத்துக்காரரை நாங்கள் பண்ணாடி என்போம். பட்டிப் பொங்கலன்று அவர் அந்தக் காளைகளுக்கு மாலை போட்டு விழுந்து கும்பிடுவார். பிறகு நாங்கள் வரிசையில் வந்து, அவர் தரும் பொங்கலை இலையில் வாங்கி, குனிந்து "உங்க புண்ணியமுங்க" என்று சொல்ல வேண்டும்.

ஒரு வருஷம் அம்மா குனியவில்லை. "உழைச்ச மாட்டை நீங்க கும்புட்டீங்க. உழைச்ச நாங்க எதுக்குங்க உங்களைக் கும்புடோணும்?" என்றாள். பின்னால் நின்ற அப்பாவிடம் திரும்பி, "உங்க புண்ணியமுங்க" என்றாள். அப்பா திணறிப்போய், தனக்குப் பின்னால் நின்ற களைவெட்டும் கிழவியிடம் அதையே சொன்னார். அந்தச் சொல் வரிசையின் கடைசிவரை போனது. பண்ணாடி பக்கம் திரும்பவேயில்லை.

மறுநாள் வேலைக்கு வரவேண்டாம் என்று ஆள் வந்தது. தறி வேலை தேடிக் குமாரபாளையம் போனோம். கிணற்றைத் தூர்த்து, இப்போது அங்கே லாரி நிறுத்துகிறார்கள். நிறுத்தட்டும்.

இன்று எனக்கென்று ஒரு தறிப்பட்டறை இருக்கிறது. ஆயுத பூஜையன்று தறிக்குச் சந்தனம் வைத்த கையோடு, தறி ஓட்டுகிறவர்கள் ஒவ்வொருவர் முன்னாலும் நான் குனிந்து, "உங்க புண்ணியமுங்க" என்கிறேன். ஆளுங்களைக் கெடுக்கிறேன் என்று மற்ற முதலாளிகள் சொல்கிறார்கள்.

கெடட்டுமே.