இரண்டு இளநீர்

பத்தாவது வரை படித்தவன் நான். உறையூரில் ஒரு துணிக்கடையில் ஜாக்கெட் துணி அளந்து கிழித்துக் கொடுப்பது என் வேலை. கடைக்கு வருகிறவர்களிடமே நிமிர்ந்து பேசக் கூச்சப்படுகிறவன், முகம் தெரியாதவர்களுக்கு எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். மன்னிக்க வேண்டும். நான் செய்த தவறு இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

என் அக்கா சரோஜாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. அத்தான் இறந்த பிறகு ஸ்ரீரங்கத்தில் என்னோடு இருக்கிறாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்களுக்கு வேறு யாரும் இல்லை.

போன தை மாதம் அவள் காலில் செருப்பு ஏறவில்லை. சர்க்கரை நோய் பல வருடமாக உண்டு. நடந்த களைப்பு என்று விட்டுவிட்டோம். மாசி முடிவதற்குள் முகமும் வீங்கியது. இரண்டு சிறுநீரகமும் அநேகமாக நின்றுவிட்டன என்றார்கள். செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் (ரத்தத்தை எந்திரத்தின் வழியே செலுத்திச் சுத்தம் செய்வது) தொடங்கியது. காவிரிப் பாலம் தாண்டித் தில்லைநகர் பக்கம் போய் வருவோம்.

சிறுநீர் பிரியாததால் குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தங்கும். காபி, மோர், ரசம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் என்றார் டாக்டரம்மா. திருச்சியில், சித்திரை வெயிலில், முக்கால் லிட்டர்.

அவள் தண்ணீர் கேட்டால் என்னால் அங்கே இருக்க முடியாது. எழுந்து அம்மா மண்டபம் படித்துறை வரை நடந்துவிட்டு வருவேன்.

"கேட்டா போதும், பூனையக் கண்ட எலியாட்டம் ஓடிடுறான்" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் உதடு வெடித்திருந்தது. தெருவில் இளநீர் வண்டி போனது. இளநீர் தண்ணீர் இல்லையே, அம்மை கண்டவருக்கும் கொடுப்பதுதானே என்று நினைத்தேன். ஒன்று வாங்கினேன். அவள் குடித்த வேகத்தைப் பார்த்து இன்னொன்றும் வாங்கினேன். மருத்துவமனையில் கொடுத்த உணவுப் பட்டியல் அரிசி டப்பாவின் மேல் மடித்தபடியே இருந்தது. கூடாதவற்றில் இளநீர் மூன்றாவதாக இருந்ததைப் பிற்பாடுதான் படித்தேன்.

திங்கட்கிழமை காலை அவளால் எழ முடியவில்லை. கால்கள் துவண்டன. ஆட்டோவில் என் மேல் சாய்ந்தே வந்தாள். பொட்டாசியம் (ரத்தத்தில் உள்ள ஒருவகை உப்பு; இளநீரில் அதிகம்) ஏறிவிட்டது, இன்னும் ஏறினால் இதயம் நின்றுவிடும் என்றார் டாக்டரம்மா.

"நேத்து புதுசா என்ன சாப்பிட்டாங்க? மறைக்காம சொல்லுங்க."

அக்கா முந்திக்கொண்டாள்.

"எளநி குடிச்சேம்மா. ஒண்ணே ஒண்ணு. இவன் வெளிய போயிருந்தப்ப நானே வாங்கினேன். இவனுக்குத் தெரியாது."

எழுந்து நிற்க முடியாதவள் எனக்காகப் பொய் சொன்னாள்.

"இல்லைங்க டாக்டர். ரெண்டு. நான்தான் வாங்கிக் குடுத்தேன்." என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

டாக்டரம்மா திட்டவில்லை. "இப்பவாவது சொன்னீங்களே. பாசத்துல இதச் செய்யறவங்கதான் இங்க நிறைய" என்று சொல்லிவிட்டு எந்திரத்தைத் தயார் செய்யச் சொன்னார்.

நான் வராந்தாவில் நடந்தேன். யாருக்குச் சொல்ல வேண்டும், எந்தப் புடவை, ஓயாமரிச் சுடுகாட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது என்று மனம் ஓடியது. பல நாளாக இப்படி நினைத்துப் பார்ப்பதைத்தான் மனதைத் தயார் செய்வது என்று நம்பியிருந்தேன்.

மூன்றாவது மணி நேரத்தில் நர்ஸ் வந்து உள்ளே கூப்பிட்டார்.

"எத்தன தடவ நடப்ப? செருப்புச் சத்தத்துல தல வலிக்குது" என்றாள் அக்கா. "நான் போற அன்னிக்கும் இப்படித்தான் வெளிய நடந்துக்கிட்டு இருப்பியா? உக்காருடா."

உட்கார்ந்தேன்.

அக்கா பிழைத்தாள். ஆனால் இதயம் பலவீனப்பட்டிருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் எதுவும் நடக்கலாம் என்றார்கள்.

தாகம் என்று கேட்பவருக்குக் கொடுப்பது சுலபம். கேட்டதும் ஓடிப்போவது அதைவிடச் சுலபம். இல்லை என்று சொல்லிவிட்டு அங்கேயே இருப்பதுதான் கஷ்டம். எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. கால் தானாக எழுகிறது.

இப்போது என் வாரத்தில் டயாலிசிஸ் நாள், அது இல்லாத நாள் என்று இரண்டே கிழமைகள். நான் குடிக்கும் தண்ணீர் தொண்டையில் இறங்குவது ஒவ்வொரு மடக்கிலும் எனக்குத் தெரிகிறது. முன்பெல்லாம் குடித்தது கூட நினைவிருக்காது.

போன திங்கட்கிழமை மத்தியானத்திலேயே அன்றைய அளவு தீர்ந்துவிட்டது. அரை டம்ளர் கேட்டாள்.

"இல்லக்கா."

"பாவி. ஒரு வாய்டா."

ஈரத்துணியால் உதட்டை ஒற்றப் போனேன். கையைத் தட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அவள் தூங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் டயாலிசிஸுக்கு முன் எடை பார்த்தார்கள். தங்கிய நீர் ஒன்றே முக்கால் கிலோ. அதுவரை மூன்றுக்குக் குறைந்ததில்லை.