அப்பாவின் பொக்லைன்

பக்கத்து மனையில் முள்மரம் பிடுங்க பொக்லைன் வந்திருக்கிறது. அதன் கிரீஸ் வாடை அடுப்படிவரை வருகிறது. அந்த வாடை பட்டாலே எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது.

முத்தியால்பேட்டையில் நான் நான்காவது படிக்கும்போது அப்பா பழைய பொக்லைன் ஒன்று வாங்கினார். விடிந்ததும் அதன் மூட்டுக்கு மூட்டு கிரீஸ் அடிப்பார். எனக்கு ஒருநாள்கூடத் தலைவாரி விட்டதில்லை. ஒருநாள் அதைத் துடைக்க என் பூப்போட்ட பாவாடையை எடுத்துக்கொண்டு போனார்.

"அது எம் பாவாடப்பா."

"பருத்தித் துணிதாம்மா எண்ணெய நல்லா இழுக்கும்."

வண்டியை விற்றுப் பல வருடமாகிறது. அப்பாவுக்கு இப்போது காது மந்தம். காபி ஆறுகிறதென்று அடுப்படியிலிருந்து எத்தனை முறை கூப்பிட்டும் திரும்பவில்லை. மதிலோரம் நின்று அந்தப் பொக்லைனையே பார்த்தபடி தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார்:

"கை மடங்குற எடத்துல கீச்சுங்குது. கிரீஸே வெக்காம ஓட்டுறான்."