மெகருன்னிசாவிடம் நான் கேட்ட கேள்வி

"சதுரங்கப்பட்டினம் மெகருன்னிசா காலையில் மவுத்தாகிவிட்டார். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்." நம் பயிற்சி வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் இந்த இரண்டு வரிகள் வந்தபோது நான் கோவில் அலுவலகத்தில் உற்சவப் பத்திரிகைக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். தனியாக இருந்தபோது வீசிங் வந்திருக்கிறது, பக்கத்து வீட்டார் போய்ப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்றது அடுத்த செய்தி. எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல. மேசைமேல் இருந்த என் போனைப் பார்த்தேன். காலையிலிருந்து அது ஒலிக்கவில்லை. 'நல்லவேளை, நாம் செய்த ஆபத்து உதவி ஆப்பை மெகரு அழுத்தவில்லை' என்றுதான் நினைத்தேன். இப்படிப்பட்ட ஆள்தான் அஞ்சலி எழுதுகிறேன் என்பதைத் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

டச்சுக் கோட்டைக்குப் போகும் வழியில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர் அவர். கணவர் துபாயில். மகள் ரிஸ்வானா பொத்தேரியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். செங்கல்பட்டில் ஞாயிறுதோறும் நடந்த, போன் ஆப் செய்யக் கற்றுத்தரும் வகுப்பில், மறைமலைநகர் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் செல்வம், மெகரு, நான் மூவரும் ஒரு அணி. மூவருக்கும் ஒரு மண்ணும் தெரியாது. என்ன செய்யப் போகிறீர்கள் என்று பயிற்சியாளர் கேட்டதும், செல்வம் கிரிக்கெட் ஸ்கோர் என்றான், நான் பஞ்சாங்கம் என்றேன். மெகரு எங்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தார். "எம் பொண்ணு லீவுக்கு ஷேர் ஆட்டோ ஏறி வூடு வந்து சேர்ற வரைக்கும் வவுத்துல நெருப்பக் கட்டிகினு கீறேன். ஆபத்துன்னா அவ ஒரு பட்டன அமுக்கணும், எனக்குத் தெரியணும். அதச் செய்யலாம், அண்ணாத்த. பஞ்சாங்கத்த நீ வூட்ல போய்ப் பாரு." பஞ்சாங்கம் அத்தோடு ஒழிந்தது.

முதல் சோதனையை மாமல்லபுரம் கடற்கரையில் வைத்துக்கொண்டோம். அவர் மணலில் தூரமாகப் போய் நின்று பட்டனை அழுத்தினார். என் போன் அலறியது. நானும் செல்வமும் குதித்தோம். பிறகு வரைபடத்தைத் திறந்தால், வடதுருவத்துப் பக்கம் பனிக்கடலில் மெகரு நிற்பதாகக் காட்டியது. அட்சரேகை இருக்க வேண்டிய இடத்தில் தீர்க்கரேகையைப் போட்டிருந்தேன். அவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே மூச்சு இழுத்து, கைப்பையில் மருந்துக் குப்பியைத் தேடினார். "நீ என்னியத் தேடிகினு வர்றதுக்குள்ள நான் வெறச்சிப் போயிடுவேன், அண்ணாத்த." அன்று நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

அதன்பின் ஆப்பை அவர் தன் போனிலும் வைத்துக்கொண்டார். அழுத்தினால் மகளுக்கும் எனக்கும் செல்வத்துக்கும் சங்கு ஊதும். கைப்பைக்குள் சாவி பட்டாலும் ஊதியது. ஒருநாள் செயல் அலுவலர் எதிரில் நான் கைகட்டி நின்றபோது ஊதியது. அவர் என்னைத் திட்டிய திட்டை அரை கோவில் கேட்டது. நேராக மெகருவுக்குப் போன் போட்டேன். "இன்னாம்மா, சாவி பட்டா நான் ஓடி வரணுமா? எனக்கு வேற வேலையே கெடையாதா?" அன்றைக்கே ஆப்பில் ஒரு கேள்வியைச் சேர்த்தேன். பட்டனை அழுத்தினால், 'நிச்சயமாக உதவி வேண்டுமா?' என்று கேட்கும். மேலே 'ஆம்', கீழே 'இல்லை'; 'ஆம்' தொட்டால்தான் சங்கு ஊதும். கட்டைவிரல் தானாகப் போய் விழும் இடத்தில் வேண்டுமென்றேதான் 'இல்லை'யை வைத்தேன். கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு வகுப்பில் மெகரு சண்டைக்கு வந்தார். "மூச்சுத் தெணர்றவகிட்டப் போய் நிச்சயமான்னு கேப்பியா? நீ இன்னா கவர்மெண்டு ஆபீஸா?" கம்பெனி பஸ்ஸில் சங்கு ஊதித் தூக்கம் கெட்ட கடுப்பில் இருந்த செல்வம் என் பக்கம் நின்றான். இரண்டுக்கு ஒன்று. தோற்றதும் அவர் இறங்கி வந்தார். "சரி, கேளு. அந்த 'ஆம்' பட்டனயாவது பெருசா போட்டுக் குடு, அண்ணாத்த. கண்ணு இருட்டிகினு வரும்போது தெரியணும்ல." போட்டுத் தருகிறேன் என்றேன். ஐந்து நிமிட வேலை. இரண்டு மாதம் ஆகியும் செய்யவில்லை. அவர் ஞாபகப்படுத்தியபோதெல்லாம், அடுத்த வாரம் என்றேன்.

யார் எந்தப் பட்டனைத் தொட்டாலும் அது ஒரு பதிவில் ஏறும்படி ஆப்பில் செய்திருந்தேன். அடக்கத்துக்குப் போகிற பஸ்ஸில் அதைத் திறந்தேன். அன்று காலை மெகருவின் போனிலிருந்து ஏழு வரிகள் வந்திருந்தன. உதவி. இல்லை. உதவி. இல்லை. உதவி. இல்லை. உதவி. அதற்குமேல் ஒன்றும் இல்லை. நான் பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டிருந்த நேரம் அது.

வீட்டு வாசலில் ரிஸ்வானா நின்றிருந்தாள். "அங்கிள், அம்மா அத அமுக்குனாங்களா?" என்று கேட்டாள். "இல்லம்மா. அமுக்கியிருந்தா நமக்கு வந்திருக்குமே" என்றேன். ஒரு நொடிகூடத் தயங்காமல் சொன்னேன். "அப்போ என்னக் கூப்பிடணும்னு அம்மாவுக்குத் தோணவே இல்லியா, அங்கிள்?" என்றாள். தலையைக் குனிந்துகொண்டு, ஆண்கள் நின்ற பக்கம் போய் நின்றேன்.

ஆப்புக்கு மெகருவின் பெயரை வைத்து வெளியிடலாம் என்று குழுவில் சிலர் எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். அவரைச் சாகவிட்ட சாமானுக்கு அவர் பெயரா? கேள்வியை எடுத்துவிட்டேன். இப்போது எடுத்து யாருக்கு என்ன ஆகப்போகிறது?

என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஏழு வரிகள்தான். அதை வைத்துக்கொண்டு இனியும் மூடி மறைக்க என்னால் முடியவில்லை. ரிஸ்வானா, உன்னிடம் சொன்னது பொய். உன் அம்மா அழுத்தினார். நான்கு முறை அழுத்தினார். உன்னைத்தான் கூப்பிட்டார். நடுவில் நின்று நிச்சயமாகவா என்று கேட்டவன் நான்.