வாளியில் கிடந்த பதினேழு

பெற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ஒன்று உண்டு. அடையாள அட்டையைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இருந்ததில்லை. விளையாட்டரங்கில் எல்லாருக்கும் அவள் பெட்டியக்கா. ஜெர்ஸிகள் வைக்கும் தகரப் பெட்டியின் மேல் எந்நேரமும் உட்கார்ந்திருப்பதால் வந்த பெயர். நாற்காலி போட்டுக் கொடுத்தாலும் உட்கார மாட்டாள். "நாற்காலியில உட்கார்ந்தா பெட்டியை எவளாவது திறப்பா" என்பாள்.

முதலில் தரை துடைக்கத்தான் வந்தாள். ஒரு போட்டி நாளன்று ஜெர்ஸி பார்த்துக்கொண்டிருந்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். பெண்கள் கூடைப்பந்து அணி மொத்தமும் உடை மாற்றும் அறையில் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு இவள் பெட்டியைத் திறந்து ஒன்றாம் எண்ணிலிருந்து வரிசையாக எடுத்து மாட்டிவிட்டாள். அன்றைக்குக் கைக்கு வந்த பெட்டி பதின்மூன்று வருஷமாக அவளிடமே இருக்கிறது. எந்தக் கறைக்கு எந்தத் தண்ணீர், எந்த ஜெர்ஸியின் முதுகில் எண்ணை எவ்வளவு சூட்டில் அழுத்தினால் ஒட்டும் என்றெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இரத்தம் பட்டால் உடனே பச்சைத் தண்ணீர். வெந்நீர் பட்டுவிட்டால் போச்சு, இரத்தம் துணியோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிடும்.

துவைப்பதும் தேய்ப்பதும் போக அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஒவ்வொரு போட்டி முடிந்ததும் யார் யார் எந்த எண் போட்டு ஆடினார்கள் என்று கார்பன் வைத்து ஒரு பட்டியல் எழுதி, கையெழுத்துப் போட்டு, கார்பன் நகலைத் தன்னிடம் வைத்துக்கொண்டு லீக் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அவள் அதை ஆட்களைப் பார்த்து எழுதுவதில்லை. ஆட்கள் குளிக்கப் போய்விடுவார்கள். ஜெர்ஸிகள்தான் வியர்வை நாற்றத்தோடு மேஜைமேல் குவிந்து கிடக்கும். ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போடும்போதே ஒரு வரி எழுதுவாள். குவியல் தீரும்போது பட்டியலும் தீரும். கெட்டிக்காரத்தனம்தான். யாரும் குறை சொன்னதில்லை, ஒரே ஒரு தடவை தவிர. இரண்டு வருஷத்துக்கு முன் எட்டையும் பதினெட்டையும் மாற்றி எழுதி, அணிக்கு ஜெயித்த போட்டியின் புள்ளியே போய்விட்டது. "இன்னொரு லிஸ்ட் தப்பாச்சுன்னா பெட்டியை வேற ஆள்கிட்ட கொடுத்துடுவேன்" என்று மேனேஜர் அன்றைக்கு எல்லார் முன்னாலும் சொன்னார். அது அவள் வயிற்றிலேயே தங்கிவிட்டது. அவள் கணவனுக்குத் தோள்பட்டை போனதிலிருந்து வீடு ஓடுவது இந்தப் பெட்டியால்தான்.

அந்த அணியில் பதினேழாம் எண் போட்டவளுக்குப் பெயர் டூப்பு. டூப்ளிகேட் என்பதன் சுருக்கம். பாவம், அவள் எதையும் காப்பியடித்தவள் இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்தே பதினேழுதான் போட்டாள். ஆனால் அதே லீக்கில் வேறோர் அணியில் இன்னொரு பதினேழு இருந்தாள், பெரிய பதினேழு. அவள் பந்தைத் தொட்டாலே அரங்கம் எழுந்து நிற்கும். அவள் படம் போட்ட பையை மாட்டிக்கொண்டுதான் பாதிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும். அப்படிப்பட்டவள் இருக்கும் லீக்கில் அதே எண்ணோடு வந்து இறங்கினால் சும்மா விடுவார்களா? "ஒரிஜினல் எங்கம்மா?" என்று முதல் நாளே மேல் வரிசையிலிருந்து ஒருத்தன் கத்தினான். பதினோரு வருஷம் ஆயிற்று, இன்னும் கத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். சொந்த அணிக்காரிகளே டூப்பு என்று கூப்பிட, அவளும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

"எண்ணை மாத்திக்கயேன்டி, ஏன் இந்தப் பாடு?" என்று பெட்டியக்கா ஒரு நாள் கேட்டாள்.

"நான் ஏன் மாத்தணும்? அவ வேணா மாத்திக்கட்டும். இந்தப் பதினேழுதான்க்கா நான். இதையும் விட்டா அவங்க சொன்னது நிஜமாயிடும்."

போட்டி முடிந்து வந்ததும் டூப்பு ஜெர்ஸியைக் கழற்றிப் பந்தாகச் சுருட்டி, "புடி அக்கா!" என்று பெட்டியக்காவின் தலையைக் குறிபார்த்து எறிவாள். தப்பாமல் விழும். "கூடையில போடத் துப்பில்ல, என் தலையில மட்டும் சரியா போடு" என்று இவள் திட்டுவாள். பதினோரு வருஷமும் அதே திட்டு, அதே சிரிப்பு.

அந்தப் பருவத்தின் கடைசிச் சுற்றுப் போட்டியில் டூப்புவின் மூக்கில் எதிரணிக்காரியின் முழங்கை இடித்தது. பொலபொலவென்று இரத்தம். சட்டையில் இரத்தம் பட்டால் மாற்றாமல் ஆட விடமாட்டார்கள். அதற்கென்றே ஐம்பது என்ற எண்ணில் ஒரு மாற்று ஜெர்ஸி பெட்டியின் அடியில் கிடக்கும். அதை யார் போட்டாலும் பட்டியலில் அவளுடைய சொந்த எண்ணைத்தான் எழுத வேண்டும். பெட்டியக்கா ஓடிப்போய் அதை மாட்டிவிட்டு, பதினேழை வாங்கி வந்து பச்சைத் தண்ணீர் வாளியில் அமுக்கினாள். போட்டி முடிந்தது. குவியலை எடுத்தாள், எழுதினாள், அனுப்பினாள். குவியலில் ஐம்பது இருந்தது. பதினேழு வாளியில் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை பெரிய பதினேழு ஓய்வை அறிவித்தாள். அன்று மாலையே லீக்கின் சுற்றறிக்கை வந்துவிட்டது. அவளுடைய கௌரவத்துக்காகப் பத்து அணிகளிலும் இனி யாருக்கும் பதினேழாம் எண் கிடையாது. கடைசிச் சுற்றுப் பட்டியலில் அந்த எண்ணோடு இருப்பவர்கள் மட்டும் ஆட்டத்தை விடும்வரை வைத்துக்கொள்ளலாம். கீழே இரண்டு பேரைக் குறிப்பிட்டிருந்தார்கள், இரண்டு பேரும் வேறு அணிக்காரிகள், டூப்பு அதில் இல்லை. பதினோரு வருஷமாக அரங்கம் நிறைய ஜனம் பார்த்திருக்கிறது. பார்த்து என்ன, லீக் அலுவலகத்துக்குக் கண் கிடையாது, காகிதம் மட்டும்தான்.

"பெட்டிம்மா, நீ சரியாத்தானே அனுப்பினே?" என்று மேனேஜர் கேட்டார்.

கேட்ட நொடியிலேயே அவளுக்கு வாளி ஞாபகம் வந்துவிட்டது. ஆனால் வாய் முந்திக்கொண்டது. "சரியாத்தான் சார் அனுப்பினேன்."

"அப்ப அவங்கதான் ஏதோ பண்ணியிருக்காங்க. சரி விடு. பாராட்டு விழா நம்ம அரங்கத்துலதான் வச்சிருக்காங்க. இந்த நேரத்துல மல்லுக்கு நிக்க முடியாது."

டூப்பு விடுவாளா? சுற்றறிக்கையைக் கடைசி வரிவரை படித்துவிட்டு வந்தாள். வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் மறுப்புத் தெரிவிக்கலாம். பட்டியல் எழுதியவர் கையெழுத்திட்ட கடிதமும் கார்பன் நகலும் வேண்டும்.

"நான் டூப்புன்னு அவங்களுக்கு இளக்காரம்க்கா. லிஸ்ட்லேர்ந்து வேணும்னே எடுத்திருக்காங்க. நீ ஒரு கையெழுத்துப் போட்டா போதும், வாயை மூடிக்குவாங்க. கார்பன் இருக்குல்ல?"

"எங்கயோ வச்சேன்டி. தேடணும்."

"தேடு. உன்னை நம்பித்தான் இருக்கேன்."

தேட என்ன இருக்கிறது? அது பெட்டிக்குள்ளேயே அடியில், அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே இருந்தது. அன்றைக்கு வீட்டில் கணவனிடம் சொல்லி அழுதாள்.

"வாயைத் தொறக்காதே. எண்ணுதானே? எண்ணு மாறினா அவ கை காலு மாறிடுமா?" என்றான் அவன்.

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். உனக்கு வேலை போனா நான் இந்தத் தோளை வச்சுக்கிட்டு எங்க போவேன்?"

செவ்வாய் போயிற்று. "கிடைச்சுதாக்கா?" "இன்னும் இல்லடி." புதன் போயிற்று. டூப்பு தானும் உட்கார்ந்து அலமாரியெல்லாம் குடைந்தாள். "நீ எழுந்திரு, பெட்டிக்குள்ள பாத்துடலாம்" என்று கையைப் பிடித்து இழுத்தபோது, "அதெல்லாம் நான் பாத்துட்டேன்" என்று பெட்டியக்கா எரிந்து விழுந்தாள். டூப்பு ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. அக்காவுக்கும் கவலை, பாவம் என்று நினைத்துவிட்டாள்.

வியாழன் நாலரை மணிக்குப் பெட்டியக்கா கார்பனைக் கையில் எடுத்தேவிட்டாள். மேனேஜர் அறைக்கு இருபத்திரண்டு படி. முதல் படியில் கால் வைத்தவள் திரும்பி வந்து சலவை இயந்திரத்தின் முன்னால் நின்றாள். உள்ளே துண்டுகள் சுற்றிக்கொண்டிருந்தன. இந்தத் துவைப்பு முடியட்டும், போகிறேன் என்று தனக்குத்தானே சொன்னாள். முடிந்தது. இன்னொரு துவைப்பு போட்டாள். அதுவும் முடிந்தபோது சுவர்க் கடிகாரத்தில் ஐந்தே கால். ச்சீ, இப்படியும் ஒரு பொம்பளையா என்று தன்னையே காறித் துப்பத் தோன்றியது. துப்பி என்ன செய்ய?

விழா சனிக்கிழமை, அதையொட்டி ஒரு சிறப்பு ஆட்டமும் இருந்தது. அரங்கத்தில் எள் போட இடமில்லை. மேலே உத்தரத்திலிருந்து பதினேழு என்று எழுதிய பெரிய துணி சுருட்டியபடி தொங்கியது, விழாவில் அவிழ்ப்பதற்காக. டூப்பு ஜெர்ஸி வாங்க வந்தாள். மற்றவர்கள் மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

"என்ன எண்ணுடி வேணும்?" பெட்டியக்கா குனிந்தபடியே கேட்டாள்.

"எதையாவது குடு. அந்த ஐம்பது இருக்கே, அதையே குடு. மூக்குல இரத்தம் வந்தா மாத்துற வேலை மிச்சம்." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. அப்போதுதான் பெட்டியக்காவின் கண்ணைக் கவனித்தாள். பக்கத்தில் வந்து தோளில் கை போட்டாள். "ஐயோ, நீ எதுக்குக்கா அழறே? உன் தப்பா? நாலு நாளா தூங்காம தேடியிருக்கே. எனக்காக இங்க கண்ணீர் விடுறவ நீ ஒருத்திதான்."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்தக் கை தோளில் இருக்கும்போதே எழுந்து, பெட்டியைத் திறந்து, அடியிலிருந்த கார்பனை எடுத்து நீட்டினாள்.

டூப்பு படித்தாள். மேலிருந்து கீழாக ஒரு தடவை, மறுபடியும் ஒரு தடவை. தன் பெயருக்கு நேரே பெட்டியக்காவின் கையெழுத்தில் ஐம்பது.

"வாளியில இருந்துச்சா?"

"ஆமா."

"சரி. அது யாருக்கும் வர்ற தப்புதான்." காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள். "வியாழக்கிழமை அஞ்சு மணிக்கு நீ எங்க இருந்தே?"

"இங்கதான்."

"இது?"

"கையிலதான் இருந்துச்சு."

டூப்பு காகிதத்தைப் பெட்டிமேல் வைத்துவிட்டு, ஐம்பதை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். பெட்டியக்கா கதவோரம் நின்று பார்த்தாள். துணி அவிழ்ந்து இறங்கியது. பெரிய பதினேழு மாலையும் கழுத்துமாக நின்று கையசைத்தாள். ஜனம் கத்திய கத்தலில் கண்ணாடிகள் அதிர்ந்தன. அவளுக்குப் பத்தடி தள்ளி வரிசையில் நின்ற டூப்புவும் கைதட்டினாள். நன்றாகவே தட்டினாள். மேல் வரிசையிலிருந்து ஒருத்தன், "டூப்பு, இப்ப என்ன பண்ணுவே?" என்று கத்த, சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

விழா முடிந்து ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது பெட்டியக்கா கார்பனோடு இருபத்திரண்டு படியும் ஏறினாள். மேனேஜர் விருந்தாளிகளை அனுப்பிவிட்டு வந்த சந்தோஷத்தில் இருந்தார். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"விழா நல்லபடியா முடிஞ்சுது. இப்ப எதுக்கு இதைக் கிளறறே? போய் வேலையைப் பாரு."

அவ்வளவுதான். எதற்காக இத்தனை நாள் பயந்து செத்தாளோ, அது நடக்கவே இல்லை. வியாழக்கிழமை ஏறியிருந்தாலும் ஒருவேளை இதே கதைதானோ என்னவோ. பெட்டி அவளிடமே இருந்தது.

கீழே வந்தபோது ஆட்டம் முடிந்திருந்தது. பெண்கள் குளிக்கப் போய்விட்டார்கள். மேஜைமேல் ஜெர்ஸிகள் வழக்கம்போலத் தாறுமாறாகக் குவிந்திருந்தன. அவள் பட்டியலை எடுத்துக்கொண்டு, இந்தத் தடவை குளியலறை வாசலில் போய் நின்று, வெளியே வந்த ஒவ்வொருத்தியையும் எண் கேட்டு எழுதினாள். பதினொரு பேர் சொன்னார்கள். டூப்பு எங்கே என்று கேட்டாள். அப்போதே கிளம்பிவிட்டாள் என்றார்கள்.

திரும்பி வந்து குவியலைக் கூடையில் போட ஆரம்பித்தாள். ஐம்பது அதில் இல்லை. பெட்டிமேல், அவள் உட்காரும் இடத்தில், கடையில் வைத்த மாதிரி நாலாக மடித்து வைத்திருந்தது.